சிவப்பு நூல் கட்டிய சுரைக்காய்

ஃப்ளோரன்ஸ் சொன்னால் சொன்னதுதான். சாந்தோம், மயிலாப்பூர், ராஜா அண்ணாமலைபுரம் என்று பரந்து கிடந்த அந்த மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழுவில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் கடைசியில் அவளிடம்தான் வந்து நிற்கும். செம்பருத்தியில் மாவுப்பூச்சியா, ஃப்ளோரன்ஸக்காவைக் கேளுங்கள். கடற்காற்றில் வெண்டை இலை ஓரம் கருகுகிறதா, இலையை நல்ல தண்ணீரில் கழுவிவிட்டுக் கிழக்குப் பக்கம் பச்சை வலை கட்டு என்பாள். பாகற்பூ பிஞ்சாகாமலே உதிர்கிறதா, புளித்த மோரில் பெருங்காயம் கரைத்துத் தெளி என்பாள். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் அல்லவா, எதையும் இரண்டாம் முறை கேட்க வைக்காத குரல் அது.

இதெல்லாம் பெரிதில்லை. அவள் பேர் வாங்கியது விதையில்தான்.

சுரைக்காய் விதை எடுப்பதைப் பற்றி அவள் பாடம் நடத்தினால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். சுரைப்பூ அந்தி சாய்ந்துதான் மலரும். ஒல்லிக் காம்பில் வெறுமனே நிற்பது ஆண் பூ. அடியில் பொடிப் பிஞ்சைச் சுமந்துகொண்டு நிற்பது பெண் பூ. விதைக்கு வேண்டுமென்றால் மலர்வதற்கு முன்பே மாடியேறி, ஆண் மொட்டு ஒன்றையும் பெண் மொட்டு ஒன்றையும் மெல்லிய துணியில் பொதிந்து கட்டிவிட வேண்டும். அக்கம்பக்கத்துக் கொடியின் மகரந்தத் தூளைச் சுமந்துகொண்டு எந்தப் பூச்சியும் உள்ளே நுழையக் கூடாது. மலர்ந்த பிறகு ஆண் பூவைக் கிள்ளி, பெண் பூவின் நடுவில் தொட்டு வைத்து, மறுபடியும் துணியைக் கட்ட வேண்டும். பிஞ்சு நின்றுவிட்டதென்று தெரிந்ததும் காம்பில் ஒரு சிவப்பு நூல். நூல் இல்லாத காய் கூட்டுக்கு, நூல் கட்டிய காய் குழுவுக்கு. இது அவள் போட்ட சட்டம். அந்தக் காய் கொடியிலேயே காய்ந்து, ஆட்டினால் கலகலக்கும்வரை விட்டுவிட்டு, விதையைப் பொட்டலம் கட்டி எல்லோருக்கும் கொடுப்பாள். பொட்டலத்தின் மேலும் சிவப்பு நூல்தான் சுற்றியிருக்கும்.

போன வருஷம் அவளுக்கு முட்டி போய்விட்டது. குடியிருந்தது முதல் மாடி, தோட்டமோ மொட்டை மாடி, லிஃப்ட் கிடையாது. காலையில் எப்படியோ கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு முறை ஏறித் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்துவிடுவாள். சாயங்காலம் இன்னொரு முறை ஏறுவதென்றால் முடியவில்லை. சுரைப்பூவோ சாயங்காலம்தான் மலர்ந்து தொலைக்கிறது.

போதாததற்கு வால்டருக்கு ஓர் ஆசை. ஃப்ளோரன்ஸின் கணவர், வருஷா வருஷம் கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் வைக்கும் கூட்டத்தில் முக்கியமான ஆள். இடையர்கள் தோளில் நிஜச் சுரைக்குடுக்கை தொங்கினால் எப்படி இருக்கும் என்றார். எங்கிருந்தோ குடுக்கைச் சுரை விதை வாங்கி வந்தார். அது சமையலுக்கு ஆகாத ஜாதி, வாயில் வைக்க முடியாத கசப்பு என்பது ஃப்ளோரன்ஸுக்குத் தெரியாதா? தெரியும். மாடியின் மறு கோடியில்தானே என்று விட்டாள். குடுக்கைக் கொடியும் கூட்டுச் சுரைக் கொடியும் ஒரே மாசத்தில் பூத்தன. அவள் கீழே முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த சாயங்காலங்களில் அந்திப் பூச்சிகள் இந்தக் கொடிக்கும் அந்தக் கொடிக்கும் போய் வந்துகொண்டிருந்தன.

ஒரு பூவைக்கூட அவள் கட்டவில்லை. ஒரு காலை நேரம் தண்ணீர் ஊற்றப் போனபோது, கூட்டுச் சுரைக் கொடியில் ஒரு காய் தளதளவென்று வளர்ந்து தொங்கியது. குழுவில் அன்றைக்குத்தான் யாரோ, இந்த வருஷமும் அக்கா விதை உண்டல்லவா என்று கேட்டிருந்தார்கள். ஃப்ளோரன்ஸ் பாவாடை நாடாவுக்கு வைத்திருந்த சிவப்பு நூல்கண்டிலிருந்து ஒரு துண்டு பிய்த்து அந்தக் காம்பில் கட்டினாள். படம் எடுத்தாள். உண்டு என்று போட்டாள்.

அவ்வளவுதான் செய்தாள். அதைச் செய்ய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

இந்த வருஷம் ஆடிப் பட்டத்துக்கு நாகேஸ்வரராவ் பூங்காவில் கூடினார்கள். வழக்கம்போலக் கதை அளந்தார்கள். அமீனா பீ தன் தக்காளியை எலி எப்படிப் பழுக்கும்வரை காத்திருந்து தின்கிறது என்று நடித்தே காட்டினாள். பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் கெங்கம்மா, மீன் குடலையும் செவுளையும் வெல்லத்தோடு ஊறப்போட்ட மீன் அமில உரத்தை எல்லோருக்கும் பாட்டிலில் கொண்டுவந்திருந்தாள். மூடியைத் திறந்தால் பூங்காவே காலியாகிவிடும் என்று அவளே எச்சரித்தாள். பேங்கில் இருந்து ஓய்வு பெற்ற ஸ்ரீநாத் குழுவுக்குப் புதிது. முதல் வருஷம் தண்ணீர் ஊற்றி ஊற்றியே அத்தனை செடியையும் கொன்றவர். ஃப்ளோரன்ஸ் நீட்டிய பொட்டலத்தை அவர் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

தன் மாடியில் அதே விதையில் காய்த்த முதல் சுரைக்காயை ஃப்ளோரன்ஸ் புரட்டாசி பிறந்ததும் அறுத்தாள். நறுக்கினதும் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பார்ப்பது அவள் பழக்கம்; எல்லோருக்கும் சொல்லிக் கொடுத்ததும்கூட. வைத்தாள். பாத்திரம் கழுவும் தொட்டியில் துப்பினாள். வாயைக் கொப்பளித்தாள், சர்க்கரையை அள்ளிப் போட்டுக்கொண்டாள், கசப்பு அடித்தொண்டையை விட்டு அசையவில்லை. வெயிலில் வாடிய காய்க்கு வருகிற கசப்பு இல்லை இது. குடுக்கையின் கசப்பு.

வால்டர் மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். அவள் மாடியேறிக் கொடியை வேரோடு பிடுங்கி, சுருட்டி, கறுப்புக் குப்பைப் பையில் அடியில் திணித்து, மேலே பழைய பேப்பரைப் போட்டுக் கட்டினாள். கூட்டு எங்கே என்று வால்டர் கேட்டதற்குக் காய் முற்றிப்போச்சு என்றாள்.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை? தனக்குத்தானே நூறு சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஒரு காய்க்குள் இருக்கிற விதையெல்லாம் ஒன்றுபோல் இருக்காது. எந்தத் தூள் எந்த விதைக்குப் போனதோ, பாதிக்குப் பாதி நல்லதாகவே இருக்கலாம். கசந்தால் அவர்களே தூக்கிப் போட்டுவிடுவார்கள், நாக்கு இல்லாமலா சமைக்கிறார்கள். இப்படியெல்லாம். ஆனால் உண்மையில் தடுத்தது வேறு. சொன்னால் நூலைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

அதற்கப்புறம் குழுவில் படங்கள் வர ஆரம்பித்தன. அக்கா, உங்க விதை. மேடம், முதல் காய். அக்கா, சூப்பர். ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு சிவப்பு ஹார்ட் போட்டாள். போடாவிட்டால் ஏன் போடவில்லை என்று கேட்பார்களே.

ஸ்ரீநாத்தை மருத்துவமனையில் சேர்த்த செய்தி ஒரு வியாழக்கிழமை வந்தது. காலையில் வெறும் வயிற்றில் சுரைக்காய்ச் சாறு குடிப்பது அவர் வழக்கமாம். அன்றைக்குத் தன் மாடியில் காய்த்த முதல் காயை அரைத்துக் குடித்திருக்கிறார். சற்று நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார். வாந்தியில் ரத்தம். ரத்த அழுத்தம் இறங்கித் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்கள். பிழைத்தது பெரிய விஷயம் என்று டாக்டர் சொன்னாராம்.

வீட்டுக்கு வந்ததும் அவரே குழுவில் எழுதினார்: "நண்பர்களுக்கு, தப்பு முழுக்க என்னுடையது. ருசி பார்த்துவிட்டு அரைத்திருக்க வேண்டும். ஃப்ளோரன்ஸ் மேடம் கொடுத்த விதை தங்கம். நான் உரம் ஏதோ தப்பாகப் போட்டிருப்பேன். தயவுசெய்து யாரும் அவர்கள் விதையைக் குறை சொல்ல வேண்டாம்."

கீழே வரிசையாகக் கும்பிடுகள். ஃப்ளோரன்ஸ் போனைக் கவிழ்த்து வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து எடுத்து மறுபடி படித்தாள். மறுபடி கவிழ்த்தாள். அவளுக்குச் சட்டென்று வேறொரு நினைப்பு வந்தது: இன்னும் எத்தனை மாடியில் அந்தக் கொடி காய்த்துக்கொண்டிருக்கிறது? நாளைக்கு யார் வீட்டுச் சட்டியில் அது வேகப்போகிறது?

வீடு வீடாகப் போவது என்று முடிவு செய்தாள். என்ன சொல்வது என்பதையும் முடிவு செய்துகொண்டாள். உண்மையை அல்ல. சுரைக்கொடிகளுக்கு ஒரு வைரஸ் நோய் வந்திருக்கிறது, இலையைப் பார்த்தால் தெரியாது, பிடுங்கிவிடுவதுதான் நல்லது என்று சொல்லிவிடலாம். கொடியும் போய்விடும், பேரும் நின்றுவிடும்.

பக்கத்தில் இருந்தது பட்டினப்பாக்கம். கெங்கம்மா தன் பலகைக் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"வாக்கா. இன்னா இந்த வெயில்ல? முட்டி வலின்னு சொல்லிக்கினு இருந்தியே."

ஃப்ளோரன்ஸ் முட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொன்னாள். ஸ்ரீநாத்தைப் பற்றி இரண்டு வார்த்தை வருத்தப்பட்டாள். பிறகு வைரஸைப் பற்றிச் சொன்னாள். நன்றாகத்தான் சொன்னாள், பள்ளிக்கூடக் குரல் எங்கும் பிசகவில்லை. கெங்கம்மா கத்தியை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"கொடி ஏதுக்கா?" என்றாள் கடைசியில். "அத்த நான் பிடுங்கிப் போட்டு எத்தினியோ நாளாவுது."

"ஏன்?"

"கசந்துச்சு."

ஒரு ஆள் வந்து சங்கரா மீன் விலை கேட்டுவிட்டுப் போனார்.

"நீ ஃபோட்டோ போட்டியே கெங்கம்மா. சூப்பர் அக்கான்னு வேற எழுதுனியே."

"ஃபோட்டோ போட்டப்புறம்தானே அறுத்தேன். நாக்குல வெச்சா, யப்பா, ஒரு நாள் பூரா போவல. உன்னாண்ட சொல்லலாம்னுதான் பாத்தேன். அமீனா பீதான் வேணான்னுச்சு. அதுக்கும் அதே கசப்புதான். பாவம், அக்கா ஆசையா குடுத்துது, மூஞ்சி சுருங்கிப்பூடும், விடுன்னுச்சு. நாங்க நாலு பேரு எங்களுக்குள்ள பேசிக்கினு வுட்டுட்டோம்."

எங்களுக்குள்ள. ஃப்ளோரன்ஸுக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. அவள் ஹார்ட் போட்டுக்கொண்டிருந்த அத்தனை நாளும் அவர்கள் அவளை விட்டுவிட்டுத் தனியாகப் பேசியிருக்கிறார்கள். கேலியாகக்கூட இல்லை. இரக்கப்பட்டுப் பேசியிருக்கிறார்கள்.

"சிலருக்கு நல்லாத்தான் காச்சுதாம்" என்றாள் கெங்கம்மா, சமாதானம் போல. அப்புறம் மீனைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அந்த பேங்க்கு சாரு அத்த பச்சையா அரைச்சுக் குடிப்பாருன்னு யாருக்குத் தெரியும்? தெரிஞ்சா வாயத் தொறந்திருப்பேன். நாங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவுரு குடிச்சிருக்க மாட்டாரில்ல. எனக்குச் சோறே எறங்கலக்கா."

கெங்கம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"உன் கொடி இன்னா ஆச்சு?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். "வாடிப்போச்சு" என்றாள் ஃப்ளோரன்ஸ்.

கெங்கம்மா அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "நெத்திலி நல்லாகீது, எடுத்துக்கினு போறியா? வால்டர் சாருக்குப் புடிக்குமே" என்றாள்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் மறுபடியும் விட்டுவிட்டாள். நெத்திலிப் பையைக் கையில் வாங்கிக்கொண்டபோது ஃப்ளோரன்ஸுக்குக் காது மடல் வரைக்கும் எரிந்தது. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

மற்ற வீடுகளுக்கு அவள் போகவில்லை. மீனைக் கொண்டுபோய் வால்டரிடம் கொடுத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, ஆட்டோ பிடித்து லஸ் பக்கம் ஸ்ரீநாத் வீட்டுக்குப் போனாள். ஆட்டோவில் போகும்போது சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டாள். முதலில் முட்டி வலி. அப்புறம் குடுக்கை. அப்புறம் நூல்.

கதவைத் திறந்த வசுமதி, "உங்களைப் பத்தித்தான் பேசிண்டிருந்தார்" என்று சொல்லி உள்ளே அழைத்துப்போய்க் கணவருக்கு எதிரே உட்கார வைத்தாள். ஸ்ரீநாத் பாதியாக இளைத்திருந்தார். சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றி இரண்டு விரல் தள்ளி நின்றது. எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை, உட்கார்ந்தபடியே கும்பிட்டார்.

"வாங்கோ மேடம். இந்த முட்டியை வெச்சுண்டு நீங்க எதுக்கு வரணும்? என்னால உங்களுக்குத்தான் கெட்ட பேர். சந்தி சிரிக்க வெச்சுட்டேன்."

அவள் வரிசைப்படுத்தி வைத்திருந்தது எல்லாம் கலைந்தது. அவர் பேசிக்கொண்டே போனார்.

"முதல் வாய்லயே கசந்தது. நிறுத்தியிருக்கலாம். நூல் கட்டின காயோட விதையாச்சே, மேடம் கையால கொடுத்ததாச்சே, கசந்தா அதுவும் ஒடம்புக்கு நல்லதுக்குத்தான் இருக்கும்னு கண்ணை மூடிண்டு குடிச்சுட்டேன்."

"எனக்கும் ஒரு வாய் கொடுத்தார்" என்றாள் வசுமதி, காப்பி கொண்டுவர உள்ளே போய்க்கொண்டே. "நான் துப்பிட்டேன். அவா விதையைப் போய்த் துப்பறியேன்னு என்னைக் கோச்சுண்டார்."

ஃப்ளோரன்ஸ் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வசுமதி திரும்பி வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் காய்க்கு நான் பூ கட்டல சார்."

அவருக்கு விளங்கவில்லை. அவள் திரும்பவும் சொன்னாள். "காய் பெருசானப்புறம் சும்மா நூல மட்டும் கட்டினேன். அதே மாடியிலயே குடுக்கைச் சுரை பூத்திருந்துச்சு. என் கொடியில இந்த வருஷம் முதல் காயே கசந்துச்சு. பிடுங்கிப் போட்டுட்டு யார்கிட்டயும் சொல்லல."

முட்டி வலியைப் பற்றி அவள் சொல்லவே இல்லை.

டம்ளரை நீட்ட வந்த வசுமதி அதை நீட்டாமல் மேஜைமேல் வைத்தாள்.

"எப்போ கசந்தது?" என்று கேட்டார் ஸ்ரீநாத். மெதுவாகத்தான் கேட்டார்.

"நீங்க ஃபோட்டோ போடறதுக்கு முன்னாடி."

அவர் எதையோ நினைவுபடுத்திக்கொள்பவர்போலச் சுவரைப் பார்த்தார். "ஹார்ட் போட்டேளே மேடம்" என்றார்.

"போட்டேன்."

கோபித்துக்கொள்வார் என்று அவள் காத்திருந்தாள். அவர் முகத்தில் கோபம் வரவில்லை. ஏதோ ஒன்று அணைந்து போனதுபோல இருந்தது. "மாடியில இன்னும் ஒண்ணு தொங்கறது" என்றார். "விதைக்கு விட்டிருக்கேன். நீங்க சொன்ன மாதிரியே மொட்டைக் கட்டித் தூள் வெச்சு, எல்லாம் பண்ணினேன். இவதான் டார்ச்சைப் பிடிச்சுண்டு நின்னா. அடுத்த வருஷம் பூங்காவுல உங்க கையில கொடுக்கணும்னு நெனச்சிருந்தேன். என்னால இப்போ ஏற முடியாது. நீங்களே அறுத்துடுங்கோ."

"சரி சார்."

"இன்னொண்ணு. குரூப்ல நான் எழுதினதை நான் அழிக்கப் போறதில்லை. அதுக்குக் கீழே என்ன எழுதணுமோ நீங்க எழுதிக்கோங்கோ."

வசுமதி கத்தியைக் கொண்டுவந்து கொடுத்தாள். கூட வரவில்லை.

ஃப்ளோரன்ஸ் ஒவ்வொரு படியாக இரண்டு காலையும் வைத்து ஏறினாள். புதிதாகத் தோட்டம் போட்டவரின் மாடி. பைகளெல்லாம் ரேஷன் வரிசைபோல நேராக நின்றன. கம்பிப் பந்தலின் நடுவில் அந்தக் காய் தொங்கியது. காம்பில் பழைய வேட்டிக் கிழிசல் ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது, பூவைப் பொதிந்து கட்டியது. அதற்கு மேலே சிவப்பு நூல், காம்பு நெரியாமல் கொஞ்சம் தளர்த்தி, இரட்டை முடிச்சுப் போட்டு, நுனியைச் சமமாக நறுக்கி. அவள் பாடத்தில் சொன்ன எதுவும் விடுபடவில்லை. அவள்கூட இவ்வளவு ஒழுங்காக ஒரு நாளும் கட்டினதில்லை.

அறுத்தாள். கைப்பிடிச் சுவர்மேல் வைத்து, நுனியில் ஒரு சீவல் சீவி நாக்கில் வைத்தாள். துப்பினாள்.

எழுதத்தான் போனை எடுத்தாள். எந்தக் காய் என்று தெரியாமல் யார் வீட்டிலாவது சமைத்துவிடப் போகிறார்களே என்று முதலில் அதைப் படம் எடுத்துப் போட்டாள். பிறகு எழுத ஆரம்பித்தாள். அவள் விரல் எப்போதுமே மெதுவானது. அன்றைக்கு இன்னும் மெதுவாக இருந்தது. அதற்குள் படத்துக்குக் கீழே வந்துவிட்டார்கள். சூப்பர் அக்கா. நூல் கட்டின காயா மேடம், விதை வேணும். ஒரு கைதட்டல். இரண்டு ஹார்ட். அமீனா பீயிடமிருந்து ஒரு ரோஜாப்பூ. அவள் எழுதிக்கொண்டிருந்த பெட்டிக்கு மேலே ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போயின. கெங்கம்மா மட்டும் ஒன்றும் போடவில்லை.

"என் பொட்டலத்திலிருந்து முளைத்த சுரையை யாரும் சமைக்க வேண்டாம், கொடியைப் பிடுங்கிவிடுங்கள். சில காய் விஷம். ஸ்ரீநாத் சார் மேல் எந்தத் தப்பும் இல்லை. நூல் கட்டுவது பற்றி உங்களுக்கு நான் சொன்னதெல்லாம் சரி. நான் பூ கட்டாமலே நூலைக் கட்டினேன். கசக்கிறது என்று தெரிந்தும் சொல்லவில்லை."

அனுப்பினாள். கைதட்டல் நின்றது. செய்தியைப் பார்த்தவர்களின் பட்டியலைத் திறந்தாள்; பெயர்கள் ஒவ்வொன்றாக ஏறின. யாரும் ஒரு சொல் எழுதவில்லை.

காயை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கொடியையும் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டு இறங்கினாள். படி முடிகிற இடத்தில் வசுமதி கறுப்புக் குப்பைப் பையின் வாயை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஃப்ளோரன்ஸ் கொடியைப் போட்டாள். காயைப் போட்டாள். ஸ்ரீநாத் கண்ணை மூடி நாற்காலியில் சாய்ந்திருந்தார். தூங்கவில்லை என்பது தெரிந்தது. மேஜைமேல் காப்பி ஆடை படிந்து அப்படியே இருந்தது. குடியுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. எடுத்துக்கொண்டு போகவும் இல்லை.